நாலு மாப்பிள்ளைக்கும் சிவப்பு

தம்பி, அதை அமுக்கிராதீங்க. அமுக்காமலும் விட்டுராதீங்க. நான் சொல்லுததக் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யுங்க. எட்டிப் பாத்தேன்னு தப்பா நினைக்கக் கூடாது. பக்கத்து சீட்டுல இருக்கிற ஆளு போன்ல அம்புட்டுப் பெருசாச் சிவப்பு வந்தா கண்ணு போகத்தான செய்யும். ‘இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை’ன்னு வந்துச்சு. சரிதானா? எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

ராஜபாளையம் வரைக்கும் போறீங்களா? நானும் அங்கதான். அப்ப நேரமிருக்கு.

என் பேரு ஆவுடைநாயகம். சங்கரன்கோவில்ல முப்பத்தி நாலு வருஷம் பத்திரம் எழுதினவன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல போய் என் பேரைச் சொன்னீங்கன்னா... வேண்டாம், இப்ப இருக்கிற பயலுகளுக்குத் தெரியாது. நான் எழுதின பத்திரத்துல ஒரு வில்லங்கம் வந்ததில்லை, பாத்துக்கிடுங்க. பொடி எழுத்து வரைக்கும் வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்லுவேன். தேதியப் பாத்தியா, நாலு எல்லையப் பாத்தியா, சர்வே நம்பரப் பாத்தியா. இது மூணையும் கேக்காம ஒருத்தனையும் ஆபீஸுக்குள்ள விட்டதில்லை.

அதனால எங்க குடும்பத்துல மாப்பிள்ளை விசாரிக்கிற பொறுப்பு என்னுது. யாரும் குடுக்கல, அதுவா வந்து சேந்துருச்சு. முன்னல்லாம் நேர்ல போவேன். மாப்பிள்ளை வீட்டுத் தெருவுல ஒரு டீக்கடை இருக்கும், ஒரு சலூன் இருக்கும், ஒரு இஸ்திரி வண்டி நிக்கும். மூணு பேர்ட்டப் பேசினாப் போதும். தேனிப் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறதக் கண்டுபிடிச்சது நாந்தான். ‘அந்த வீட்லருந்து இஸ்திரிக்குச் சேலை வருதா’ன்னு ஒரே கேள்வி. ‘வருது’ன்னான். அம்மா சேலையா இருக்கும்னு என் சம்சாரம் சொன்னா. போய்ப் பாத்தா பெண்டாட்டி சேலைதான்.

போன ஆடியில முட்டி பிடிச்சுக்கிச்சு. ரெண்டு தெரு நடக்க முடியல. அதே ஆடியிலதான் எங்க தெருவுல ஜெராக்ஸ் கடை வச்சிருந்த இப்ராகிம் கடையை எடுத்துட்டு மகள் ஊருக்குப் போனாரு. போகும்போது பழைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் என் வீட்ல வச்சுட்டுப் போனாரு. ‘அண்ணாச்சி, ஓடும். ஆனா வயசாயிருச்சு’ன்னாரு. எனக்கும் அப்படித்தாம்யான்னேன்.

நான் பொருளைப் பத்திரமா வச்சிருக்கிறவன். எங்க வீட்டு டிவி ஒரு ஐப்பசி இடியில கருகிப் போச்சு. அதுலருந்து வேலை முடிஞ்சதும் பிளக்கைச் சுவத்துலருந்து பிடுங்கிருவேன். சுவிட்சை அமத்துறது மட்டும் இல்ல, பிடுங்கணும். ஒரு நாள் தவறினதில்லை.

முதல் வாரத்துலயே தெரிஞ்சு போச்சு, நாடு எந்த நிலைமையில இருக்குன்னு. கரண்டு பில் கட்டலாம்னு போனா சிவப்பு. ‘தாக்குபவர்கள் உங்கள் தகவல்களைத் திருட முயலக்கூடும்’னு தமிழ்லயே வருது. கேஸ் சிலிண்டர் பதியலாம்னு போனா சிவப்பு. நான் முப்பது வருஷமா கணக்கு வச்சிருக்கிற பேங்க்கு, அதுவும் சிவப்பு! நேரா ஆட்டோ பிடிச்சுப் போய் மேனேஜர்ட்டச் சொன்னேன். ‘உங்க வெப்சைட்டு திருட்டு வெப்சைட்டுன்னு வருது, பாத்துக்கிடுங்க’ன்னு. அந்தப் பிள்ளை அவ கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா. பட்டுன்னு திறக்குது. திருடன் வீட்டுக் கண்ணாடியில திருடன் மூஞ்சி நல்லாத்தான தெரியும். வந்த ஆட்டோவுலயே திரும்பிட்டேன்.

என் சம்சாரம் சண்முகவடிவு கேட்டா. ‘எல்லாத்துக்கும் இப்படித்தான் வருதுன்னா, கோளாறு நம்ம பக்கமா இருக்காதா?’ன்னு. அவ எட்டாங்கிளாஸோட நின்னவ. அதை நான் பெருசா எடுத்துக்கிடல.

இந்த நேரத்துலதான் என் தங்கச்சி ஈஸ்வரி மகளுக்கு வரன் வர ஆரம்பிச்சுது. கோமதின்னு பேரு. நான் தாய்மாமன். பிள்ளைக்கு இருவத்தெட்டு வயசு, லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுத வேலை. தங்கச்சி ஜாதகத்தை ஜோசியர்ட்டக் குடுக்கும், விசிட்டிங் கார்டை என்ட்டக் குடுக்கும். ஜாதகம் அவர் பொறுப்பு, மனுஷன் என் பொறுப்பு.

முதல்ல கடையநல்லூர். பையன் சோலார் தகடு மாட்டுத கம்பெனி வச்சிருக்கான். கார்டுல இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாத் தட்டினேன். சிவப்பு. வேண்டாம்னுட்டேன். ரெண்டாவது புளியங்குடி, எலுமிச்சங்காய் மண்டிக்காரங்க. அவங்களும் வெப்சைட்டு வச்சிருக்காவ. சிவப்பு. மூணாவது இந்த ராஜபாளையம். பேரு முகுந்தன், காலேஜ்ல கணக்கு வாத்தியாரு. அவனுக்குன்னு ஒண்ணும் இல்ல, அதனால காலேஜோட வெப்சைட்டைத் தட்டினேன். அதுவும் சிவப்பு. இந்தப் பையன் வந்து பொண்ணைப் பாத்துட்டே போயிட்டான். அப்புறமும் நான் விடல. காலேஜே இப்படின்னா வாத்தியாரு எப்படி இருப்பான்?

மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது, தம்பி. ஏன் வேண்டாங்கியன்னு கேட்டாவ. ‘உங்க பையன் சகவாசம் சரியில்ல, கம்ப்யூட்டர்லயே வந்துருக்கு’ன்னு சொன்னேன். தரகர்ட்டயும் சொன்னேன். தரகர் ஒருத்தர்ட்டச் சொன்னா முப்பது வீட்ல சொன்ன மாதிரி. நாலு பொண்ணு தப்பிக்கும்லா. அதுவும் ஒரு சேவைதான.

நாலாவதா வந்தது தென்காசி. பல் டாக்டர். திருமலைக்குமார்னு பேரு. சொந்த கிளினிக்கு. அப்பா இல்ல, அம்மா மட்டும். கார்த்திகை மாசம் அடைமழை. தங்கச்சி கார்டைக் குடுத்து அனுப்பிட்டு, நான் பதில் சொல்லுததுக்கு முன்னாலயே பூ வச்சு நிச்சயம் பண்ண நாளும் குறிச்சுட்டா. மச்சான் குற்றாலிங்கமும் சரின்னுட்டாரு. என்னைக் கேக்காம! சரி, நம்ம கடமையை நாம செய்வோம்னு தட்டினேன்.

நீங்களே சொல்லிருவீங்க என்ன வந்துச்சுன்னு.

இந்தத் தடவை வாயால சொன்னாப் பத்தாதுன்னு தோணிச்சு. கலர்ல ஒரு பிரிண்ட் எடுத்தேன். மழையில நனைஞ்சிரும்லா, பஜார்ல குடுத்து லேமினேஷன் போட்டேன். ஆவணம்னா ஆவணமா இருக்கணும்.

பூ வைக்கத் தங்கச்சி வீட்டுக்கு அஞ்சு பேரு வந்திருந்தாவ. மாப்பிள்ளை, மாப்பிள்ளையோட அம்மா செண்பகவல்லி அம்மா, மத்தவங்க சொந்தக்காரங்க. வெத்தலைத் தட்டை எடுத்து நடுவுல வச்சாவ. நான் பையிலருந்து தாளை எடுத்து, வெத்தலை மேலயே வச்சேன்.

“அத்தான், என்னது இது?”ன்னாரு மச்சான்.

“விசாரணை”ன்னேன். எடுத்து வாசிச்சும் காட்டினேன். நிறுத்தி நிதானமா, பத்திரம் வாசிக்கிற மாதிரி. திருட முயலக்கூடும்ங்கிற இடத்துல கொஞ்சம் அழுத்தி.

மாப்பிள்ளை மூஞ்சி செத்துப் போச்சு. ஈஸ்வரி தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருந்த கோமதி வளையல் சத்தம் நின்னு போச்சு.

செண்பகவல்லி அம்மா கையை நீட்டினாவ. குடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டினாவ. நான் வாசிச்ச இடத்தை அவங்க பாக்கவே இல்ல. நேரா மேல, தாளோட மூலைக்குப் போயிட்டாவ.

“ஐயா, இது எப்ப எடுத்தது?”

“முந்தாநாள்.”

“இதுல ஒண்ணு, ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பத்துன்னுல்ல போட்டிருக்கு?”

வாங்கிப் பாத்தேன். பொடி எழுத்துல போட்டிருக்கு. ஆமா.

“ரெண்டாயிரத்துப் பத்துல எம் பையன் ஒம்பதாங்கிளாஸ். பல்லுக்குக் கம்பி மாட்டியிருந்தான். கிளினிக்கு ஆரம்பிச்சே நாலு வருஷந்தான் ஆகுது. அன்னைக்கு இல்லாத கிளினிக்குல அன்னைக்கே எப்படித் திருட்டு நடந்துச்சு?”

“தேதி அச்சுப் பிழையா இருக்கும்”ன்னேன்.

“நான் முனிசிபாலிட்டில பிறப்பு இறப்புப் பதிவுல முப்பது வருஷம் இருந்தேன். தேதி தப்பா இருக்கிற தாளைக் கையில வாங்க மாட்டேன். நீங்களும் பத்திரம் எழுதினவங்கதானாமே?”ன்னாவ. மரியாதையாத்தான் கேட்டாவ. அதுதான் எனக்குத் தாங்கல.

மாப்பிள்ளை எந்திரிச்சான். வெளிய போயிருவான்னு நினைச்சேன். நினைச்சேன் என்ன, அப்படிப் போயிருந்தா நான் சொன்னது சரியாப் போயிருக்கும். அவன் வந்து என் முன்னால நின்னு, “உங்க வீடு பக்கத்துலதானாமே, அந்த கம்ப்யூட்டரை நான் பாக்கலாமா?”ன்னான்.

குடையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் கிளம்பிட்டாவ. கோமதி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடக்கா. பூ வைக்க வேண்டிய பொண்ணு, தெருவே பாக்குது.

பிளக்கைச் சொருகி கம்ப்யூட்டரைப் போட்டேன். முகவரியைத் தட்டினேன். சிவப்பு வந்துச்சு. எனக்கு ஒரு நிம்மதி, அவன் முன்னாலயே வந்துருச்சுன்னு. அந்தப் பக்கத்துல கீழ ‘மேம்பட்டவை’ன்னு ஒரு கட்டம் இருக்கும், உங்க போன்லயும் இருக்கு பாருங்க. அதைத் தொட்டா ஆபத்துன்னு நான் ஒரு நாளும் தொட்டதில்லை. அவன் தொட்டான். உள்ளயிருந்து பொடி எழுத்துல நாலு வரி இறங்கிச்சு. செண்பகவல்லி அம்மா சத்தமா வாசிச்சாவ.

“உங்கள் கணினியின் கடிகாரம் தற்போது வெள்ளிக்கிழமை, ஜனவரி ஒன்று, ரெண்டாயிரத்துப் பத்து என அமைக்கப்பட்டுள்ளது. இது சரியா?”

கடிகாரம்னதும் நான் சுவத்துல பாத்தேன். பதினொண்ணு பத்து. என் வாட்ச்சைப் பாத்தேன். பதினொண்ணு பத்து. “சரியாத்தான இருக்கு”ன்னேன்.

மாப்பிள்ளை சிரிக்கல. அதைச் சொல்லணும். கடைக்கு ஆளனுப்பி ஒரு பேட்டரி செல்லு வாங்கியாரச் சொன்னான். சட்டைப் பொத்தான் தண்டி இருக்கு. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பழசை எடுத்துட்டு, புதுசைச் சொருகினான். அந்தச் செல்லு செத்துப் போனா, நான் பிளக்கைப் பிடுங்குத ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் பழைய தேதிக்கே போயிருமாம். எல்லா வெப்சைட்டுக்கும் இன்ன தேதியிலருந்து இன்ன தேதி வரை செல்லும்னு ஒரு சான்றிதழ் உண்டாம். என் கம்ப்யூட்டர் ரெண்டாயிரத்துப் பத்துல உக்காந்துக்கிட்டு, வாரவன் சான்றிதழையெல்லாம் வாங்கிப் பாத்து, செல்லாது போன்னு சொல்லியிருக்கு.

தேதியைச் சரி பண்ணினான். கிளினிக்கு திறந்துச்சு. வாசல்ல செம்பருத்திச் செடி நிக்குது. பேங்க்கு திறந்துச்சு. கேஸ் திறந்துச்சு. எல்லாம் அஞ்சு நிமிஷத்துல யோக்கியமாயிருச்சு.

எனக்கு ஒரு சந்தேகம் இன்னும் இருக்கு, தம்பி. பத்திரத்துல தேதியைத் திருத்தினா ஜெயில். இங்க தேதியைத் திருத்தினா எல்லாரும் நல்லவன். இது என்ன சட்டம்? அன்னைக்கே கேட்டிருப்பேன். என் சம்சாரம் என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா. எல்லாருக்கும் காபி குடுத்தா, எனக்கும் குடுத்தா.

எல்லாரும் திரும்பிப் போகையில கோமதி மட்டும் வாசப்படியில நின்னா.

“மாமா, கடையநல்லூருக்கும் இதே கம்ப்யூட்டர்தானா?”

“ஆமா.”

“புளியங்குடிக்கும்?”

“ஆமா.”

“ராஜபாளையத்துக்கும்.”

அது கேள்வியா வரல. குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டா.

அன்னைக்கே பூ வச்சாச்சு. செண்பகவல்லி அம்மா பெரிய மனசு. ‘விசாரிச்சது தப்பில்ல. தென்காசி என்ன தூரமா, ஒரு தடவை நேர்ல வந்திருக்கலாம்’னு மட்டும் சொன்னாவ. கல்யாணம் வார மாசி பதினெட்டு.

அதோட முடிஞ்சிருக்கணும். பத்து நாள் கழிச்சு கோமதி வந்தா. லேப்லருந்து அப்படியே வந்திருக்கா.

“மாமா, அந்த மூணு வீட்டுக்கும் நீங்க போகணும்.”

“எதுக்கு?”

“அவங்க மேல குத்தம் இல்லன்னு சொல்ல. தரகர் சொல்லி ஊரெல்லாம் பரவிக் கிடக்கு. புளியங்குடிப் பையனுக்கு ரெண்டு இடம் தட்டிப் போச்சாம்.”

“தரகரை விட்டே சொல்லச் சொல்லுவோம். இல்லன்னா ஒரு போன் போடுதேன்.”

“நேர்ல போங்க மாமா. போயிட்டு வந்து மேடையில எனக்கு மாலை எடுத்துக் குடுங்க. இல்லன்னா எங்க சித்தப்பா குடுக்கட்டும்.”

தாய்மாமன் இருக்கையில சித்தப்பா! நான் ஈஸ்வரிக்குப் போன் போட்டேன். ‘நீயாவது சொல்லு’ன்னேன். ‘அவ சொன்னது சரிதான் அண்ணே’ன்னுட்டா. அப்பத்தான் இன்னொண்ணும் சொன்னா. ராஜபாளையத்துப் பையன் வந்திருந்தப்ப, அவனும் கோமதியும் அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். அவன் போன பிறகு ரெண்டு நாளு அந்தப் பிள்ளை பாட்டு முனகிக்கிட்டே வீட்டுக்குள்ள திரிஞ்சுதாம். நான் வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு, ‘மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாளாம்.

இதை அப்பவே என்ட்டச் சொல்லியிருக்கணும்லா? பாட்டு முனகினது கம்ப்யூட்டர்ல வருமா?

சரி, செய்யுததை ஒழுங்காச் செய்வோம்னு ஒரு பிழைதிருத்தல் எழுதினேன். பத்திரத்துல தப்பு வந்தா எழுதுவோம்லா, அது மாதிரி. நல்ல தாளு, மூணு பிரதி. ‘மேற்படி கணிப்பொறியின் கடிகாரம் பிழையாக ஓடியதை முன்னிட்டு, மேற்படி வரன் குறித்துத் தவறான அபிப்பிராயம் ஏற்பட்டு, அது பலருக்கும் தெரியவந்தது என்பதும், மேற்படி அபிப்பிராயம் இதன்மூலம் ரத்தாகிறது என்பதும்...’ இப்படிப் போகும். தேதியை ரெண்டு தடவை பாத்துட்டேன்.

கடையநல்லூர்ல சிரிச்சாவ. பையனுக்கு வேற இடத்துல முடிஞ்சிருச்சாம். காபி குடுத்து, பத்திரத்தை அவன் போட்டோ எடுத்துக்கிட்டான். எதுக்கு எடுத்தான்னு தெரியல.

புளியங்குடியில கேட்டைத் திறக்கல. அந்தப் பெரியவர் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு வாங்கி வாசிச்சாரு. முழுசா வாசிச்சாரு. கம்பி வழியாத் திருப்பி நீட்டினாரு.

“இதுல கணிப்பொறி இருக்கு, கடிகாரம் இருக்கு. செஞ்ச ஆளு யாருன்னு இல்லையே.”

“கீழ கையெழுத்து இருக்கு”ன்னேன்.

“கையெழுத்து சாட்சியும்தான் போடுவான்”ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

மரியாதை தெரியாத குடும்பம். நான் அன்னைக்கு வேண்டாம்னு சொன்னதுல ஒரு... இல்ல. அப்படிச் சொல்லக் கூடாது. அவரு சொன்ன பிறகு பஸ்ஸுல உக்காந்து அந்தத் தாளை மறுபடி வாசிச்சேன். முப்பத்தி நாலு வருஷத்துல எழுதிக் குடுப்பவர் பேரு இல்லாம நான் எழுதின ஒரே பத்திரம் அதுதான்.

இன்னைக்குத் தாள் கொண்டாரல. வாயாலயே சொல்லிருவோம்னு வாரேன். நாலு நாளாச் சொல்லிப் பாக்கேன். ‘நான்’னு ஆரம்பிக்கேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சரியா உக்காரல. பழக்கமில்ல.

அதுகூடப் பரவாயில்ல. முந்தாநாள் போன் போட்டு, ‘சங்கரன்கோவில் ஆவுடைநாயகம் பேசுதேன், கோமதி மாமா, வெள்ளிக்கிழமை நேர்ல வாரேன்’னு மட்டும் சொன்னேன். விஷயத்தை நேர்லதான் சொல்லணும்னு பிள்ளை சொல்லியிருக்கால்லா. முகுந்தனோட அம்மாதான் எடுத்தாவ. கோவமா இருப்பாவன்னு நினைச்சேன். ‘வாங்க வாங்க’ன்னாவ. ‘தை பிறந்ததும் நல்ல நாளாப் பாத்துத்தான் வாரிய’ன்னாவ. சாப்பாடு அங்கதானாம். அவனுக்கு இன்னும் எங்கயும் முடியலையாம். அவனும் காலேஜுக்கு லீவு சொல்லிட்டு வீட்ல இருக்கானாம்.

எனக்கு அப்ப ஒண்ணும் தோணல, தம்பி. நல்ல ஜனங்கன்னு நினைச்சு வச்சுட்டேன். காலையில பஸ் ஏறி உக்காந்த பிறகுதான், எதுக்கு லீவு போட்டிருப்பான்னு தோணுது. சம்பந்தம் பேச வாரேன்னு நினைச்சுட்டாவளோ...

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு போல. அந்தப் பையை எடுங்க. பழம்தான். வெறுங்கையோட போகக் கூடாதுன்னு என் சம்சாரம் வாங்கித் தந்தா. பூவும் வச்சிருக்கா, நான் பாக்கவே இல்ல. இந்தப் பூவை இங்கயே யார்ட்டயாவது குடுத்துட்டுத்தான் போகணும். நீங்க வச்சுக்கிடுங்க.